பட்டறைக் கேள்வி பதில்: பேச்சைக் கைபேசிக்கு அனுப்புங்கள்

தொழில் கற்பவர்களுக்காகத் தொடங்கிய பகுதி இது. இப்போது தொழில் கற்பிப்பவர்களிடமிருந்துதான் அதிகம் கடிதம் வருகிறது. இயங்கலையில் இவ்வளவு கொட்டிக் கிடக்கிறதே, அதை வைத்து நல்ல பயிற்றுநராவது எப்படி என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

புதிய வாசகர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு வெல்டிங் பயிற்றுநராகி, பணி ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் மாலை நேரத்தில் பையன்களுக்கு இன்னும் சொல்லித் தருகிறேன்.

வெல்டிங் பயிற்றுநர், பகாவ்: ஐயா, என் மாணவர்கள் யூடியூப்பில் வெல்டிங் காணொளியாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள். கேள்வி கேட்டால் டாண் டாண் என்று பதில் வருகிறது. கையில் ஹோல்டரைக் கொடுத்தால் ராடு, அதாவது வெல்டிங் குச்சி, தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. காணொளியால் பயனே இல்லையா?

பயன் இருக்கிறது தம்பி. எதற்குப் பயன், எதற்குப் பயன் இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் நீங்கள் செய்து காட்டும்போது என்ன நடக்கிறது? பதினைந்து பேர் சுற்றி நிற்பார்கள். பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்குத்தான் உருகும் இரும்பு தெரியும். மற்றவர்களுக்கு உங்கள் முதுகு தெரியும். போதாக்குறைக்கு, புதிதாக வந்தவன் முகமூடிக்குள்ளிருந்து பார்க்கும்போது கண் தானாக வெளிச்சத்துக்குத்தான் போகும். பார்க்க வேண்டியது வெளிச்சத்தை அல்ல, அதற்குப் பின்னால் உருகி நிற்கும் இரும்பை. அதன் மேல் மிதக்கும் கசடு எது, இரும்பு எது என்று பிரித்தறியவே பலருக்கு வாரக்கணக்கில் ஆகிறது. நெருக்கத்தில் எடுத்த நல்ல காணொளி இதை ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் ஒன்றுபோலக் காட்டிவிடும். நிறுத்தலாம், திரும்பப் போடலாம், மெதுவாக ஓட்டலாம். பட்டறையில் நம்மால் செய்ய முடியாத வேலை அது.

ஆனால் ராடு எரிய எரியக் குட்டையாகும். அதற்கு ஏற்றபடி கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் பழகியவன் கை இறங்குவதே கண்ணுக்குப் படாது. புதியவன் கையை ஒரே உயரத்தில் பிடித்திருப்பான். ராடு முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி கூடி, பொறி தெறித்து, அங்கே எரியும் மின்வில் அறுந்துபோகும். பயந்துபோய் அடுத்த தடவை அழுத்துவான்; ஒட்டிக்கொள்ளும். இதைத் திருத்த அவன் கைக்குப் பக்கத்தில் உங்கள் கை இருக்க வேண்டும். காதும் வேண்டும். இடைவெளி சரியாக இருந்தால் வடைச் சட்டியில் எண்ணெய் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வரும். கைபேசி ஒலிப்பெருக்கியில் அந்தச் சத்தம் சரியாகக் கேட்காது.

அதனால் நான் சொல்லும் வழி இது. தொழில் கற்பிக்க நான்கு படி உண்டு. முதலில் பேசாமல், நிஜ வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் ஏன் என்று சொல்லிச் செய்வது. மூன்றாவது, மாணவன் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் செய்வது. நான்காவது, அவனே சொல்லிக்கொண்டு செய்வது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்க இதே போன்ற நான்கு படி முறையைத்தான் பயிற்றுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்கும் போனது. நான் மேலே சொன்ன வடிவம், பெய்டன் என்ற அறுவை மருத்துவர் 1990களில் மருத்துவர்களுக்குக் கற்பிக்க வகுத்தது. தையல் போடும் கைக்கும் வெல்டிங் போடும் கைக்கும் கற்கும் வழி ஒன்றுதான்.

இந்த நான்கில் முதல் இரண்டையும் கைபேசிக்கு அனுப்பிவிடலாம். மூன்றும் நான்கும் பட்டறையில்தான் நடக்க வேண்டும். நம் பயிற்றுநர்கள் பலர் பட்டறை நேரத்தில் முக்கால்வாசியை முதல் இரண்டில் செலவழித்துவிடுகிறார்கள். மாணவன் கைக்கு வரும்போது மணி அடித்துவிடுகிறது. மூன்றாவது படியைப் பலர் தாண்டியே போய்விடுகிறார்கள். உங்கள் மாணவர்கள் பார்ப்பதும் பதில் சொல்வதும் நன்றாக நடக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் நேராக மூன்றாவது படியில் ஆரம்பியுங்கள். நீங்கள் ஹோல்டரைப் பிடியுங்கள், அவன் சொல்லட்டும். அவன் சொல்ல மறந்ததை நீங்களும் செய்யாதீர்கள். எது விட்டுப்போனது என்று அவனே கண்டுபிடிப்பான்.

யாரோ எடுத்த காணொளியைவிட உங்கள் பட்டறையில் நீங்கள் எடுத்தது மேல். பழைய முகமூடியில் உள்ள கறுப்புக் கண்ணாடியை, 10 அல்லது 11ஆம் எண், கழற்றிக் கைபேசி லென்ஸுக்கு முன்னால் ஒட்டுங்கள். கைபேசியை ஒரு தாங்கியில் இறுக்கிவிடுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் முகமூடி கட்டாயம். 6 மில்லிமீட்டர் தகடு, 3.2 மில்லிமீட்டர் 6013 ராடு, 100 ஆம்பியர் சுற்றுவட்டாரம். ஒரு காணொளியில் ஒரே விஷயம். இன்று மின்வில் பற்றவைப்பது மட்டும். நாளை இடைவெளி மட்டும். ஒரே தகட்டில் வேண்டுமென்றே மூன்று வெல்டிங் வரி போடுங்கள்: இடைவெளி கூடியது ஒன்று, வேகம் கூடியது ஒன்று, சரியானது ஒன்று. ஆற விட்டுக் கசடைத் தட்டி, எது எது என்று மாணவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். சரியானதை மட்டும் காட்டும் காணொளிகள் ஆயிரம் இருக்கின்றன. தவறைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் குறைவு, அதில்தான் கண் பழகும்.

நீளம் 6 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எட்எக்ஸ் என்ற இயங்கலைக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில், 69 இலட்சம் தடவை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. 6 நிமிடத்துக்குள் உள்ளதைத்தான் மாணவர்கள் விடாமல் பார்த்தார்கள். செலவு செய்து ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் இடத்தில் உட்கார்ந்து இயல்பாகப் பேசியது மனத்தைப் பிடித்தது என்றும் அதில் தெரிந்தது. எனவே பட்டறைச் சத்தம், பின்னால் தொங்கும் பழைய சங்கிலி எதுவும் தடையில்லை.

அப்புறம் ஒன்று. மாணவர்கள் தங்கள் கையைத் தாங்களே படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பட்டும். அடுத்த வகுப்புக்கு முன்பே யாருக்கு எங்கே கை தவறுகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். என் கொட்டகையில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

ஒயரிங் தொழிலாளி, தாப்பா: எனக்கு வயது 52. இருபது வயதிலிருந்து ஒயரிங் வேலை. பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பகுதி நேரமாகச் சொல்லித்தரக் கூப்பிடுகிறார்கள். எஸ்பிஎம் முடிக்கவில்லை. வீட்டிலிருந்தே இயங்கலையில் படித்துப் பயிற்றுநர் ஆகிவிடலாம் என்கிறார் நண்பர். உண்மையா?

ஐயா, பாதி உண்மை. இங்கே மூன்று தாள்கள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் தாள், தொழில் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு. அது மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜேபிகே கொடுக்கும் மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்கேஎம். நம் வயதுக்காரர்கள் இன்னும் எம்எல்விகே சான்றிதழ் என்பார்கள், அதே வழிதான். எஸ்கேஎம் 1 முதல் 3 வரை, 4ஆம் நிலை டிப்ளோமா, 5ஆம் நிலை உயர் டிப்ளோமா. வகுப்பில் போய் உட்காராமல், செய்த வேலையைக் காட்டியே இதைப் பெற ஒரு வழி உண்டு. பிபிடி என்பார்கள், முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை. நீங்கள் செய்த வேலைகளின் படங்கள், வேலை ஆணைகள், முதலாளி கடிதம், வரைபடங்கள் எல்லாவற்றையும் அந்தத் தொழிலின் தேசியத் தரத்துக்கு, அதாவது நோஸ் ஆவணத்துக்கு, வரிசையாகப் பொருத்திக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் பார்த்துக் கேள்வி கேட்பார். முப்பது வருட வேலை உங்கள் கையில் இருக்கிறது, தாளில் இல்லை. இன்றிலிருந்தே ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். பழைய வாடிக்கையாளர் வீடுகளில் நீங்கள் போட்ட டிபி எனும் மின்விநியோகப் பெட்டிகள் இன்னும் இருக்கும், அனுமதி கேட்டுப் போய்ப் படம் எடுங்கள்.

இரண்டாவது தாள், சொல்லித்தரத் தெரியும் என்பதற்கு. ஜேபிகே அங்கீகரித்த மையத்தில் பாடம் எடுக்க, தொழில் சான்றிதழோடு பயிற்றுநர் தகுதியும் கேட்பார்கள். அந்தத் தகுதியின் பெயர் பலர் வாயில் வி.டி.ஓ என்றே நிலைத்துவிட்டது. இந்தப் பயிற்சிக்கு மூல இடம் ஷா ஆலாமில் உள்ள சியாஸ்ட். 1980களில் ஜப்பான் அரசின் உதவியோடு எழுந்த பயிற்றுநர் பயிற்சி நிலையம் அது. உங்களுக்கு எந்த நிலை வேண்டும், எந்தப் பயிற்சி பொருந்தும் என்பதை உங்களைக் கூப்பிட்ட மையத்தையே எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரம் அவர்களுடையது, அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நண்பர் சொன்னது இதுவாக இருக்கலாம்: மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்பின் பயிற்றுநர் சான்றிதழ், டிடிடி. முதலாளிகள் கட்டும் பயிற்சி வரியிலிருந்து நடக்கும் நிறுவனப் பயிற்சிகளை எடுக்க அது உதவும். நல்ல தாள்தான். ஆனால் அதைக் காட்டி எஸ்கேஎம் வகுப்பு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் வெவ்வேறு வாசல்.

இயங்கலை எங்கே உதவும்? எச்ஆர்டி கார்ப் இலவசமாக நடத்தும் இ-லாத்தே தளத்தில் பாடத் திட்டம் போடுவது, பெரியவர்களுக்குக் கற்பிப்பது போன்ற சிறு பாடங்கள் இருக்கின்றன. ஒரு வகுப்பு எப்படித் தொடங்கி எப்படி முடிய வேண்டும் என்பதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள அது போதும். சியாஸ்ட்டுக்குப் போகும்போது அந்தச் சொற்கள் உங்களுக்கு அந்நியமாக இருக்காது. மின்சார ஆணையத்தின் தகுதிச் சான்று, அதாவது நாம் லைசன்ஸ் என்று சொல்வது, இது எல்லாவற்றுக்கும் தனி. அது இருந்தால் முதல் நாளிலேயே மாணவர்களுக்குக் காட்டுங்கள், அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

எஸ்பிஎம் இல்லை என்று தலை குனியாதீர்கள். பிபிடி உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது.

தையல் ஆசிரியை, கோல கெட்டில்: கோயில் மண்டபத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கிறேன். பலர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். இயங்கலையில் தமிழில் பாடம் கிடைக்குமா? கிடைப்பதை எடுத்துப் பயன்படுத்தினால் சட்டச் சிக்கல் வருமா?

கிடைக்கும் தங்கச்சி. சென்னை கிண்டியில் நிமி என்று ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. 1986இல் ஜெர்மனி அரசின் உதவியோடு தொடங்கியது. இந்தியா முழுவதும் உள்ள ஐடிஐ தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் பாடநூல் தயாரிப்பதே அதன் வேலை. ஒவ்வொரு தொழிலுக்கும் தொழில் கோட்பாடு ஒரு புத்தகம், செய்முறை ஒரு புத்தகம். பல தொழில்களுக்குத் தமிழிலும் உண்டு. இந்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் மின்நூல், காணொளி, கேள்வித் தொகுப்பு எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். செய்முறைப் புத்தகத்தை முதலில் பாருங்கள். ஒரு பயிற்சிக்கு என்ன கருவி, என்ன துணி, எந்த வரிசை என்று படத்தோடு இருக்கும். பாடத் திட்டம் எழுதத் தெரியாமல் திணறும் ஆசிரியருக்கு அந்த அமைப்பே பெரிய பாடம்.

ஆனால் அப்படியே தூக்கி வைத்து நடத்த வேண்டாம். அந்தப் புத்தகங்கள் அங்குள்ள கடைக்கும் அங்குள்ள வழக்கத்துக்கும் எழுதியவை. உங்கள் மாணவிகளுக்கு நோன்புப் பெருநாளுக்கு முன்னால் மலாய் அண்டை வீட்டுக்காரர்களிடமிருந்து பாஜு கூரோங் தைக்க வரும். அதில்தான் அவர்களுக்குக் காசு. பாஜு கூரோங்கின் பக்கவாட்டில் வரும் பெசாக் துண்டும், அக்குளில் வரும் கெக்கெக் துண்டும் சென்னைப் புத்தகத்தில் எப்படி இருக்கும்? அந்தப் பகுதியை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒயரிங் சொல்லித்தருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அங்கே உருண்டைக் கால் பிளக், இங்கே உள்ளே ஃபியூஸ் வைத்த 13 ஆம்பியர் சதுரக் கால் பிளக். இந்தியக் காணொளியைப் பார்த்து அப்படியே இங்கே மாட்டக் கூடாது.

சட்ட விஷயம். யூடியூப் காணொளியின் இணைப்பை மாணவிகளுக்கு அனுப்புவதில் தவறில்லை. அதை இறக்கி, வெட்டி, உங்கள் பெயரில் ஏற்றுவது தவறு. எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே அனுமதித்த பாடங்களும் உண்டு. திறந்த கல்வி வளம் என்பது அதைத்தான். 2019 நவம்பரில் யுனெஸ்கோ எல்லா நாடுகளுக்கும் அதைப் பரிந்துரையாகவே சொன்னது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமக் குறி போட்டிருந்தால் அதன் நிபந்தனையைப் படியுங்கள். சிலவற்றில் பெயரைக் குறிப்பிட்டால் போதும், சிலவற்றை விற்கக் கூடாது, சிலவற்றை மாற்றவே கூடாது. தமிழில் மொழிபெயர்ப்பதும் மாற்றம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகாது.

நீங்களே எடுப்பதாக இருந்தால் கைபேசியை மேலிருந்து கீழே பார்க்கும்படி வைத்து, வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தைத்துக் காட்டுங்கள். துணி நிறத்திலேயே நூல் இருந்தால் தையல் திரையில் தெரியாது. உங்கள் குரலில், உங்கள் ஊர்த் தமிழில் பேசுங்கள். வேறு எங்கும் அவர்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

மோட்டார் பயிற்றுநர், கூலிம்: செயற்கை நுண்ணறிவை வைத்துக் குறிப்பும் கேள்வித்தாளும் தயாரிக்கலாமா? மாணவர்கள் அதை வைத்தே விடை எழுதுகிறார்களே?

தயாரிக்கலாம். நோஸ் ஆவணத்தில் உள்ள ஒரு பணியைக் கொடுத்து மலாயில் பத்து கேள்வி கேட்டால் நிமிடத்தில் வரும், நேரம் மிச்சம். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு, வால்வு இடைவெளி எவ்வளவு என்பதை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துத்தான் போட வேண்டும். தப்பான எண் நேராக எஞ்சினுக்குள் போய்விடும்.

மாணவர் விஷயத்துக்கு என் வழி: எழுதிய விடையை வாங்கிக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வாயால் கேளுங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் ஒன்றும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி ஒன்றும் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, இதில் முதலில் எதைப் பார்ப்பாய், அதில் எதைப் பார்ப்பாய், ஏன்? இரண்டு நிமிடம் போதும். படித்தவன் யார் என்று தெரிந்துவிடும்.

தொழில்கல்லூரி ஆசிரியை, தைப்பிங்: கற்பிக்கும் முறையில் என்னை மேம்படுத்திக்கொள்ள ஆசை. வெளிநாட்டு இலவசப் பாடங்களில் எதை எடுப்பது? தேடினால் தலை சுற்றுகிறது.

மகளே, நான்கு இடங்களைச் சொல்கிறேன். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

நமக்கு மிக அருகில் இருப்பது புருணையில் உள்ள சீமியோ வோக்டெக். தென்கிழக்காசிய நாடுகளின் கல்வி அமைச்சர்கள் கூட்டமைப்பு, தொழிற்கல்விக்காகவே 1990இல் நிறுவியது. மலேசியாவும் அதில் உறுப்பினர். அங்கே பேசப்படும் வகுப்பறை நம் வகுப்பறை போலவே இருக்கும்: கூட்டம் அதிகம், இயந்திரம் குறைவு. ஜெர்மனியின் பான் நகரில் யுனெஸ்கோவின் யுனெவோக் மையம் இருக்கிறது. உலகத்தில் எந்த நாடு என்ன செய்கிறது என்று அறிய அது நல்ல இடம், ஆனால் அதில் பெரும்பகுதி கொள்கை வகுப்பவர்களுக்கு. நாளைக் காலை எட்டு மணி வகுப்புக்கு அதில் தேடினால் சலிப்பு வரும். இத்தாலியின் தூரின் நகரில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது. அவர்களின் இயங்கலைப் பாடங்களில் இலவசமானவையும் உண்டு, கட்டணம் உள்ளவையும் உண்டு. பார்த்துச் சேருங்கள். பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2006 முதல் நடத்தும் ஓப்பன்லேர்ன் முழுக்க இலவசம். கற்பித்தலை இயங்கலைக்குக் கொண்டுபோவது பற்றி அங்கே நல்ல பாடம் இருக்கிறது, முடித்தால் பங்கேற்புச் சான்றும் தருகிறார்கள். இப்போதுதான் தொடங்குகிறவருக்கு நான் முதலில் கை காட்டுவது ஓப்பன்லேர்னைத்தான்.

உள்நாட்டையும் விடாதீர்கள். நீங்கள் கல்வியமைச்சின் ஆசிரியை என்பதால் அமைச்சின் இயங்கலைக் கற்றல் தளமான டெலிமாவில் கணக்கு இருக்கும். பத்து பகாட்டில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் தொழிற்கல்விக்கென்றே ஒரு கல்விப் புலம் இருக்கிறது. மேற்படிப்பு எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் பாருங்கள்.

வெளிநாட்டுப் பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தனியாகப் படிப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கல்லூரியில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருவர் ஒரு பகுதியைப் படித்துவிட்டு மற்றவர்களுக்குத் தமிழிலோ மலாயிலோ சொல்லட்டும். கேட்டதில் ஒன்றை அந்த வாரமே வகுப்பில் செய்து பாருங்கள். செய்து பார்க்காத பாடத்துக்கு வாங்கிய சான்றிதழ் கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

இளம் பயிற்றுநர், சுங்கை சிப்புட்: நம் ஊர்தான் ஐயா. என் மாணவர்களில் சிலர் தோட்டத்துக்குள் பழைய லயத்தில் இருக்கிறார்கள். மழை பெய்தால் லைன் போய்விடும். டேட்டாவும் முன்பணம் போட்டு வாங்குவது. இவர்களுக்கு இயங்கலை எப்படி?

தம்பி, 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பயிற்சி மையங்கள் மூடியபோது இந்த ஊரில் நாம் எல்லாரும் பார்த்தது இது. நேரலை வகுப்பு என்று அறிவித்தால் பெரிய சாலையோரம் இருப்பவன் வருவான், உள்ளே இருப்பவன் வரமாட்டான். வராதவன் சோம்பேறி என்று பெயர் வாங்குவான். அதனால் உன் மாணவர்களுக்கு நேரலையே வேண்டாம். எப்போது லைன் கிடைக்கிறதோ அப்போது இறக்கி, பிறகு லைன் இல்லாமலே பார்க்கும்படி கொடு.

காணொளியை 360 அல்லது 480 தரத்தில் சுருக்கி அனுப்பு. வெல்டிங்கில் உருகும் இரும்பைக் காட்டும் ஒன்றை மட்டும் நல்ல தரத்தில் வை, அதை வகுப்பிலேயே புளூடூத்தில் கைமாற்றிவிடு. பேச்சு மட்டும் போதுமான இடத்தில் காணொளியே வேண்டாம், குரல் பதிவும் இரண்டு படமும் போதும். மின்சுற்று சொல்லித்தருவதற்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் என்ற கணினிப் பாவனைச் சோதனைகள் இலவசம். பேட்டரி, கம்பி, விளக்கு இழுத்துப் போட்டுச் சுற்று அமைக்கலாம், தவறாக இணைத்தால் தீப்பிடிப்பதையும் திரையிலேயே பார்க்கலாம். ஒரு தடவை இறக்கினால் லைன் இல்லாமலும் ஓடும். நிஜ 230 வோல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் அதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்புச் செய்யட்டும்.

நாடி மையங்கள், முன்பு பெடி என்றவை, அங்கே இலவச இணையமும் கணினியும் உண்டு. எந்த மாணவனுக்கு எது பக்கம் என்று நீயே ஒரு தாளில் எழுதிக் கொடு. போகச் சொன்னால் மட்டும் போகமாட்டார்கள். முதல் தடவை நீயும் கூடப் போ. நம் ஊர்ச் சமூகக் கல்லூரியின் குறுகிய காலப் பயிற்சிகளையும் கவனித்து வை. உன் மாணவர்களின் அண்ணன் அக்காக்களுக்கு உதவும்.

கைபேசியே இல்லாத மாணவன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவனை எல்லார் முன்னாலும் கேட்காதே. வகுப்பு தொடங்கும் முன் அரைமணி நேரம் கதவைத் திறந்து வை, உன் கைபேசியிலேயே பார்க்கட்டும்.

ஒரு தாய், பீடோர்: என் மகன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, ஆறு வாரம் இயங்கலையிலேயே வெல்டிங் படித்தான். 1,800 வெள்ளி கட்டினோம். சான்றிதழில் மூன்றாம் நிலை என்று அச்சடித்திருக்கிறது. வேலைக்குப் போன இடத்தில் செல்லாது என்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்துவிட்டது. 1,800 வெள்ளி உங்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

எஸ்கேஎம் சான்றிதழை ஜேபிகே மட்டும்தான் வழங்கும். பயிற்சி, அதன் அங்கீகாரம் பெற்ற மையத்தில் நடக்க வேண்டும், அல்லது நான் மேலே தாப்பா ஐயாவுக்குச் சொன்ன பிபிடி வழி, அல்லது வேலையிடத்திலேயே பெரும்பகுதி நடக்கும் எஸ்எல்டிஎன் வழி. வெல்டிங் திறனை ஒருவர் கையால் செய்து காட்டி, இன்னொருவர் நேரில் பார்த்து மதிப்பிடாமல் மூன்றாம் நிலை வராது. திரையில் மட்டும் படித்து மூன்றாம் நிலை வெல்டர் என்று எந்தத் தாள் சொன்னாலும் முதலாளி ஏற்கமாட்டார். நியாயமும் அதுதான், அந்த வெல்டிங் வரி தாங்காவிட்டால் கீழே நிற்பவன் உயிர் போகும்.

முதலில் ஜேபிகேயின் மைஸ்பைக் தளத்தில் அந்த மையத்தின் பெயர் அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் இருக்கிறதா, இருந்தால் எந்தத் தொழிலுக்கு, எந்த நிலைக்கு என்று பாருங்கள். சில மையங்களுக்கு ஒரு தொழிலில் அங்கீகாரம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பெயர் இல்லையென்றால் பணம் கட்டிய ரசீது, விளம்பரம், புலனத்தில் பேசியது எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போடுங்கள். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணமும் சொற்பம். காலம் தாழ்த்த வேண்டாம்.

அடுத்தது, மகன். அவனுக்கு ஆர்வம் இருக்கிறது, ஆறு வாரம் விடாமல் படித்திருக்கிறான். அந்தப் படிப்பு வீணாகவில்லை, பாதுகாப்பும் ராடு வகைகளும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் கீழ் நிலையிலிருந்து சேர்க்கச் சொல்லுங்கள். கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம், பிடிபிகே, கடன் தருகிறது. சேரும் முன் மூன்று விஷயம் கேட்கட்டும்: வாரத்தில் எத்தனை மணி நேரம் நிஜமாக வெல்டிங் போட விடுவார்கள், ஒரு இயந்திரத்துக்கு எத்தனை மாணவர், மதிப்பீட்டாளர் யார். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மைஸ்பைக்கில் தேடிப் பார்த்துவிட்டு என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். மனு எழுதச் சிரமமாக இருந்தால் ரசீதுப் படங்களைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள், மலாயில் எழுதித் தருகிறேன்.